ஒருவர் கம்பெனி பத்துப் பேர் கம்பெனி ஆகும்போது

கிரெய்க் நியூமார்க் 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் தன் நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார். ஊரில் இந்த வாரம் எங்கே என்ன கலை நிகழ்ச்சி, எங்கே தொழில்நுட்பக்காரர்கள் கூடுகிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்கு முன் பதினேழு ஆண்டு ஐபிஎம்மில் வேலை பார்த்தவர். நண்பர்கள் தங்கள் நண்பர்களைச் சேர்த்துவிட்டார்கள். வேலை வாய்ப்பு, வாடகை வீடு, விற்க வேண்டிய பழைய சோபா என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அதுதான் பின்னர் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணையதளம் ஆனது. 1999இல் முறைப்படி கம்பெனி ஆனது.

2000 நவம்பரில் அந்தக் கம்பெனியின் சிஇஓ ஆனவர் நியூமார்க் இல்லை. ஜிம் பக்மாஸ்டர் என்ற புரோகிராமர். தன் பயோடேட்டாவை அதே தளத்தில் போட்டு, அதன் மூலமே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். தளத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த நிறுவனர் போய் உட்கார்ந்த இடம் வாடிக்கையாளர் சேவை. மோசடி விளம்பரங்களை நீக்குவது, புகார்களுக்குப் பதில் எழுதுவது, பொய் விளம்பரம் போடும் வீட்டுத் தரகர்களைக் கண்டுபிடித்து நிறுத்துவது. பல ஆண்டுகள் இதையே தன் முழுநேர வேலையாக வைத்திருந்தார். நிர்வாகம் தனக்கு வராது என்று பேட்டிகளில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்.

நம்மிடையே பேசப்படும் தொழில் கதைகளில் இப்படி ஒரு திருப்பம் வருவது அபூர்வம். தனியாகத் தொடங்கியவர் ஆள் சேர்ப்பார், ஆபீஸ் பெரிதாகும், கூடவே அவரும் தலைவராக வளர்ந்துவிடுவார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். நடுவில் உள்ளதுதான் கடினமான பகுதி. தனி ஆளாகத் தொழில் நடத்துவது ஒரு திறமை. பத்துப் பேரை வைத்து நடத்துவது வேறொரு திறமை. அதைவிடச் சங்கடம், முதலாவதில் ஜெயிக்க வைத்த குணங்களே இரண்டாவதில் குறுக்கே நிற்கும். எதையும் தானே செய்துவிடும் வேகம், யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் துணிச்சல், சின்னக் குறையைக்கூட விடாமல் திருத்தும் பிடிவாதம். இவை இல்லாமல் தனி ஆள் ஒருவர் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. இவற்றை அப்படியே வைத்துக்கொண்டால் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

தனி நிறுவனரின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். எந்த வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம், எவரிடம் கறாராக இருக்க வேண்டும், எந்தக் குறையை இப்போதைக்கு விட்டுவைக்கலாம், எது இன்றே சரியாக வேண்டும். இப்படி நூறு முடிவுகள். எதையும் அவர் எழுதி வைத்ததில்லை, தேவையும் இருந்ததில்லை. எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. முதல் ஊழியர் வந்ததும் அவரிடம் வேலை போகிறது. முடிவு போவதில்லை. ஆகவே ஊழியர் ஒவ்வொரு மணி நேரமும் வந்து “இதை என்ன பண்ணட்டும் சார்?” என்று நிற்கிறார். “நானே செஞ்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்குமே” என்று நிறுவனருக்கு அலுப்பு வருகிறது.

அன்றைய கணக்கில் அவர் நினைப்பது சரிதான். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியான ‘தி மிதிகல் மேன்-மந்த்’ புத்தகத்தில் இதைத்தான் விளக்கினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குச் சொல்லித்தர பழையவரின் நேரம் போகிறது என்பது ஒரு காரணம். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் பெருகுவது இன்னொன்று. மூன்று பேர் இருந்தால் மூன்று ஜோடி. ஐந்து பேருக்கு 10, பத்துப் பேருக்கு 45, இருபது பேருக்கு 190. ஆள் இரண்டு மடங்கானால் பேச்சு நான்கு மடங்குக்கும் மேலாகிறது. தனி ஆளாக இருந்தவரைக்கும் இந்தச் செலவு பூஜ்யம். அதனால் அப்படி ஒரு செலவு உண்டென்றே தெரியாமல்தான் அவர் ஆள் எடுக்கிறார்.

ஜெஃப் பெசோஸ் இதைக் கற்றுக்கொண்ட விதம் சுவாரஸ்யமானது. அமேசானை 1994இல் சியாட்டில் பக்கத்தில் பெல்வியூவில் ஒரு வாடகை வீட்டின் கராஜில் தொடங்கியபோது நிறுவனர் அவர் ஒருவர்தான். 1995 ஜூலையில் தளம் திறந்ததும் ஆர்டர்கள் குவிந்தன. பேக்கிங் வேலையை அவரும் சேர்ந்தே செய்தார், சிமெண்டுத் தரையில் மண்டிபோட்டு. முழங்கால் வலி தாங்காமல், மண்டிக்குக் கட்டிக்கொள்ள பட்டை வாங்கலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பேக்கிங் மேஜை வாங்கலாமே என்று அவர் பதில் சொன்னார். மறுநாள் மேஜைகள் வந்தன, வேலை வேகமெடுத்தது. பெசோஸ் பின்னாளில் பல மேடைகளில் சிரித்துக்கொண்டே சொன்ன சம்பவம் இது. தனியாக உழைத்துப் பழகியவருக்கு வலியைத் தாங்கிக்கொள்ளும் வழி முதலில் தோன்றுகிறது. கூட வேலை செய்பவருக்கு வேலையை மாற்றிவிடும் வழி தோன்றுகிறது. ஆள் எடுப்பதன் முதல் லாபம் கூடுதலாக இரண்டு கைகள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கூடுதலாக ஒரு ஜோடிக் கண்கள் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

ஆனால் பெசோஸின் உண்மையான சாதனை பிற்பாடு நடந்தது. தன் தலைக்குள் இருந்ததை அவர் மெல்ல மெல்ல வெளியே எடுத்து, தான் இல்லாத அறையிலும் வேலை செய்யும் பழக்கங்களாக மாற்றினார். ஆரம்பத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தானே விடாமல் கேள்வி கேட்டவர் அவர். ஆட்கள் பெருகி அது முடியாமல் போனபோது, 1999 வாக்கில் ஓர் ஏற்பாடு வந்தது. ஆள் எடுக்கும் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் நேர்காணல் குழுவில் இருப்பார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆளில்லாமல் தவிக்கும் மேனேஜர் அவசரத்தில் யாரையாவது எடுத்துவிடாமல் அது காத்தது. இரண்டு பீட்சாவில் பசியாறும் அளவுக்குத்தான் ஒரு குழு இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கே பிறந்ததுதான். புரூக்ஸின் ஜோடிக் கணக்கை வைத்துப் பார்த்தால் அதன் அர்த்தம் உடனே புரியும். 2004 ஜூனில் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பதில் ஆறு பக்கத்துக்கு மிகாமல் முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து அதைப் படிப்பார்கள், அதன் பிறகுதான் விவாதம். ஸ்லைடில் நான்கு புள்ளிகளைப் போட்டுவிட்டு மீதியைப் பேச்சில் சமாளித்துவிடலாம். முழு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் யோசிக்காமல் தப்ப முடியாது.

முடிவுகளைப் பற்றி அவர் பங்குதாரர்களுக்கு எழுதிய ஒரு கருத்து, புதிதாக ஆள் சேர்க்கும் எந்த நிறுவனருக்கும் நேரடியாக உதவும். 2015ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் முடிவுகளை இரண்டு வகையாகப் பிரித்தார். சில கதவுகளைத் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது. அவற்றை நிதானமாக, பலரோடு கலந்து பேசித் தாண்ட வேண்டும். பெரும்பாலான கதவுகள் அப்படிப்பட்டவை அல்ல. போய்ப் பார்த்து, சரியில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம். அந்த வகை முடிவுகளை, நல்ல விவேகமுள்ள தனி நபர்களோ சிறு குழுக்களோ சட்டென்று எடுத்துவிட வேண்டும். பத்துப் பேர் கம்பெனியில் நிறுவனரின் மேஜையில் தேங்கிக் கிடப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். லோகோவின் நிறம், இந்த மாதத் தள்ளுபடி, ஒரு வாடிக்கையாளருக்கு எழுதும் மன்னிப்புக் கடிதம். இவற்றில் ஊழியர் தப்பாக முடிவெடுத்தாலும் கம்பெனி மூழ்கிவிடாது. அவர் முடிவெடுக்கக் கற்றுக்கொள்ள அதைவிட மலிவான வழியும் கிடையாது.

ஸ்டார்ட்அப் உலகத்துக்குச் சற்று வெளியே இருந்தாலும் லினஸ் டோர்வால்ட்ஸை இங்கே விட்டுவிட முடியாது. 1991இல் ஹெல்சின்கியில் இருபத்தோரு வயது மாணவராக லினக்ஸ் இயங்குதளத்தைத் தனியாக எழுதத் தொடங்கியவர். சில ஆண்டுகளில் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் திருத்தங்களை அனுப்ப, எல்லாம் அவர் ஒருவரின் பார்வைக்குக் காத்திருந்தன. 1998 வாக்கில், அனுப்பிய திருத்தங்கள் கவனிக்கப்படாமலே போகின்றன என்ற மனக்குறை வெளிப்படையாகவே வெடித்தது. ஒவ்வொரு பகுதிக்கும் நம்பிக்கையான ஒருவர் பொறுப்பு, லினஸ் பெரும்பாலும் அவர்கள் சோதித்து அனுப்புவதை வாங்கிச் சேர்ப்பார் என்ற முறை மெல்ல உறுதிப்பட்டது. 2005 ஏப்ரலில் லினக்ஸ் வேலைக்காகவே, கோடில் வரும் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். இன்று கோடிங் செய்யும் பெரும்பாலானவர்களுக்கு அது இல்லாமல் நாள் ஓடாது. அதன் பராமரிப்பை அதே ஆண்டு ஜூலையிலேயே ஜூனியோ ஹமானோ என்ற ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டார். தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. தான் பெற்ற குழந்தை என்று கட்டிப்பிடித்துக்கொள்ளாமல், தன்னைவிடப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர் இவர் என்று கண்டதும் கொடுத்தார். கிட் இன்றும் ஹமானோவின் பொறுப்பில்தான் வளர்கிறது.

அதே லினஸ் 2018 செப்டம்பரில், சக புரோகிராமர்களுக்குத் தான் இத்தனை ஆண்டுகள் எழுதிய கடுஞ்சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கியிருந்து, பிறகு திரும்பினார். தன்னந்தனியாக வேலை செய்தபோது தன் கோடைப் பார்த்துத் தானே திட்டிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே குரலில் பிறரிடம் பேசினால் நல்ல ஆட்கள் சத்தமில்லாமல் விலகிப்போவார்கள். தலைமைக்கு வரும் பலர் மாற்ற மறந்துபோவது இந்தக் குரலைத்தான்.

சாரா பிளேக்லியின் கதை இன்னும் துலக்கமானது, ஏனென்றால் அவர் கொடுத்தது முழுக் கம்பெனியின் நடைமுறைப் பொறுப்பை. ஃபுளோரிடாக்காரர். வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாக ஃபேக்ஸ் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவர். வெள்ளை நிற பேன்ட்டுக்குள் அணிய சரியான உள்ளாடை இல்லையே என்று நீளக் காலுறையின் பாதப் பகுதியை வெட்டிப் போட்டுக்கொண்டதில் பிறந்தது யோசனை. கையிருப்பு 5,000 டாலர். காப்புரிமை விண்ணப்பத்தின் பெரும்பகுதியைப் புத்தகம் பார்த்துத் தானே எழுதினார். வடக்கு கரோலினாவின் காலுறை ஆலைகளில் ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டினார். எல்லோரும் மறுத்தார்கள், பின்னர் ஒருவர் மட்டும் மனம் மாறிக் கூப்பிட்டார், அவருடைய மகள்களுக்கு இந்த யோசனை பிடித்துப்போனதால். டாலஸில் நீமன் மார்கஸ் கடையின் கொள்முதல் அதிகாரியைப் பெண்கள் கழிப்பறைக்கே அழைத்துப் போய், போடாமலும் போட்டும் காட்டி ஆர்டர் வாங்கினார். 2000இல் ஓப்ரா வின்ஃப்ரே தன் டிவி நிகழ்ச்சியில் ஸ்பான்க்ஸ் என்று பெயரிட்ட அந்த உள்ளாடையைக் காட்டியபோது ஆபீஸ் என்பது அட்லாண்டாவில் அவர் குடியிருந்த அபார்ட்மென்ட்தான்.

இவ்வளவையும் ஒற்றை ஆளாகச் செய்து காட்டியவருக்கு, எல்லாம் என்னால் முடியும் என்ற எண்ணம் வந்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பிளேக்லி இரண்டு ஆண்டில், 2002இல், கோகோ கோலாவில் இருந்த லாரி ஆன் கோல்ட்மேனை சிஇஓ ஆக்கினார். பொருளை உருவாக்குவதும், அதை மக்கள் முன் நின்று சொல்லி விற்பதும் தனக்கு வரும். அன்றாட நிர்வாகம் வராது. கையில் காசு வந்தவுடன் தனக்கு வராததற்கு ஆள் எடுக்க வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் யோசனை.

பெரும்பாலான நிறுவனர்கள் முதலில் எடுப்பது இதற்கு நேர் எதிரான ஆளை. தன்னைப் போலவே யோசிப்பவர், தான் செய்வதையே கொஞ்சம் சுமாராகச் செய்பவர். பழகுவதற்கு அது சுகம். ஆனால் வந்தவர் செய்வதைப் பார்த்து நிறுவனரின் கை பரபரக்கும், பிடுங்கித் தானே செய்யத் தோன்றும். தனக்குத் தெரியாத வேலையைச் செய்கிறவரிடம் அந்தப் பரபரப்பு வராது. பிளேக்லி ஒப்படைத்தது பேச்சுக்கு இல்லை என்பதற்குச் சாட்சி உண்டு. தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் நடத்திய ஒரு டிவி போட்டிக்காகக் கம்பெனியை விட்டு நீண்ட நாட்கள் உலகம் சுற்றப் போனார். அது 2004–05இல் ஒளிபரப்பானது, இரண்டாம் இடம் பிடித்தார். கம்பெனி தொடங்கி ஐந்து ஆண்டுகூட நிறையாத கட்டம், அப்போதும் ஸ்பான்க்ஸ் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கோல்ட்மேன் 2014 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 2021இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியபோது கம்பெனியின் மதிப்பு 120 கோடி டாலர். அதுவரை பிளேக்லி வெளி முதலீடு எதுவும் வாங்கியதில்லை. அன்று ஊழியர் ஒவ்வொருவருக்கும் உலகில் எங்கு வேண்டுமானாலும் போய்வர முதல் வகுப்பு விமான டிக்கெட் இரண்டும், 10,000 டாலரும் கொடுத்தார்.

எல்லா ஒப்படைப்பும் இப்படி இதமாக முடிவதில்லை. அமேசானின் முதல் ஊழியர் ஷெல் கஃபன். அந்தத் தளத்தின் ஆரம்பகால மென்பொருளை முன்னின்று கட்டியவர். கம்பெனி வளர்ந்ததும் பெரிய கம்பெனிகளை நடத்திப் பழகிய நிர்வாகிகள் வந்தார்கள். 1997இல் கஃபனுக்குத் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் அவருக்குக் கீழே குழு என்று எதுவும் இல்லை. 1999இல் விலகிவிட்டார். ஐந்து பேரோடு ஒரு பொருளைக் கட்டுகிறவருக்கும் ஐந்நூறு பேரை மேய்க்கிறவருக்கும் வேண்டிய திறமை வேறு என்பது நியாயம்தான். அதை அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லி, அவருக்கு மரியாதையான ஓர் இடத்தைப் பேசி முடிவு செய்வதும் தலைவரின் வேலைதான். எதுவும் இல்லாத காலத்தில் நம்பி வந்தவரை வெறும் பட்டத்தோடு ஓரமாக உட்கார வைப்பது, பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது.

நம்பி வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி இன்னும் சிக்கலானது. நியூமார்க் ஆரம்பத்தில் தன் கம்பெனியின் பங்குகளில் ஒரு பகுதியை ஓர் ஊழியருக்குக் கொடுத்திருந்தார். அவர் விலகிய பிறகு, 2004இல், அந்தப் பங்குகளை ஈபே வாங்கியது. கிரெய்க்ஸ்லிஸ்ட்டில் 28.4 சதவீதம் ஒரே நாளில் ஒரு பெரும் கம்பெனியின் கைக்குப் போனது. 2007இல் ஈபே அமெரிக்காவிலேயே போட்டித் தளம் ஒன்றைத் திறந்தது. மறு ஆண்டு விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது, 2010இல் டெலவேர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2015இல் கிரெய்க்ஸ்லிஸ்ட் அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கிய பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. பெருந்தன்மையோடு கொடுத்த ஒன்று பதினோரு ஆண்டுத் தலைவலி ஆனது. பங்கு கொடுப்பது தப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. கொடுக்கும் நாளிலேயே, போகிறவர் அதை யாருக்கு விற்கலாம், கம்பெனிக்கு முதல் உரிமை உண்டா என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். பெசோஸ் சொன்ன, திரும்ப முடியாத கதவு இதுதான்.

கோயம்புத்தூர்க்காரரான சரவணகுமார் இதே கேள்விக்கு வேறு பதில் சொன்னார். லண்டனில் மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வர் என்ற மென்பொருளில் தேர்ந்த நிபுணராக இருந்தவர். அதைக் கண்காணிக்க நல்ல கருவி இல்லை என்பதைத் தன் வேலையிலேயே கண்டு, 2011இல் பிஸ்டாக்360 என்ற பொருளைக் கொண்டுவந்தார். வெளி முதலீடு இல்லாமல் வளர்ந்த அந்தத் தொழில், இன்று கோவை.கோ என்ற பெயரில் லண்டனிலும் கோயம்புத்தூரிலும் இயங்குகிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடும் இளைஞர்களை ஊரிலேயே நிறுத்த வேண்டிய கம்பெனி. 2022இல் ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சேர்ந்தவர்கள் மூன்று ஆண்டு நிறைவு செய்தால், ஆண்டுச் சம்பளத்தில் பாதி போனஸ். 2025 தொடக்கத்தில் 140க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய்க்கும் மேல் தருவதாக அறிவித்து, முதல் பகுதியினருக்கு ஜனவரிச் சம்பளத்தோடு கொடுக்கவும் செய்தார்கள். கம்பெனியை விற்றாலோ பங்குச் சந்தைக்குப் போனாலோ ஒழிய பங்கு என்பது வெறும் காகிதம்தான், அதனால் ரொக்கமாகத் தருகிறோம் என்பது சரவணகுமார் சொன்ன காரணம். வெளி முதலீட்டாளர் இல்லாத கம்பெனியில் லாபம் எங்கே போக வேண்டும் என்பதை நிறுவனரே தீர்மானிக்கலாம். அந்தச் சுதந்திரத்தை இப்படிப் பயன்படுத்தியது பாராட்ட வேண்டியது.

ஆள் சேர்க்கும் வேகத்தைத் தொழில் தீர்மானிக்க வேண்டும். முதலீடு தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதை சாஹில் லாவிங்கியா வெளிப்படையாக எழுதியிருக்கிறார். பின்டரெஸ்ட்டின் இரண்டாவது ஊழியராக இருந்தவர். படைப்பாளிகள் தங்கள் புத்தகம், பாடல், மென்பொருளை நேரடியாக விற்க உதவும் கம்ரோட் தளத்தை 2011இல் ஒரு வார இறுதியில் தனியாகக் கட்டினார். அப்போது பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. 11 லட்சம் டாலர் முதலீடு வந்தது. 2012இல் கிளைனர் பெர்கின்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் மேலும் 70 லட்சம் டாலர். அந்த அளவு முதலீடு வாங்கிய கம்பெனி நூறு கோடி டாலர் மதிப்புக்கு ஓடியாக வேண்டும், அதற்கேற்ப ஆள் எடுத்தாக வேண்டும். தொழில் வளர்ந்தது, ஆனால் அந்த வேகத்தில் வளரவில்லை. அடுத்த சுற்று முதலீடு கிடைக்கவில்லை. 2015இல் இருபது பேரில் பதினைந்து பேரை அனுப்ப வேண்டியதாயிற்று. மிச்சமிருந்தவர்களும் பிறகு போனார்கள். ஒரு கட்டத்தில் கம்ரோட்டை மீண்டும் அவர் ஒருவரே நடத்தினார். கிளைனர் பெர்கின்ஸ் தன் பங்கை ஒரு டாலருக்கு அவரிடமே திருப்பி விற்றுவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டது.

பத்து ஆண்டுகளுக்குள் ஒருவர் தனி ஆளாகவும், இருபது பேரின் தலைவராகவும், மறுபடி தனி ஆளாகவும் இருந்திருக்கிறார். இந்த நீண்ட பயணத்தை அவர் 2019 பிப்ரவரியில் எழுதிய கட்டுரை, ஸ்டார்ட்அப் நடத்துகிறவர்கள் நடுவே மிகப் பரவலாகப் படிக்கப்பட்டது. தோற்றுவிட்டோம் என்று நினைத்த காலத்திலும் தளம் ஓடிக்கொண்டிருந்தது, படைப்பாளிகளுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது, அவர்களைப் பொறுத்தவரை எதுவும் உடையவில்லை என்பதை அவர் பிறகுதான் உணர்ந்தார். வான்கூவரில் மார்கஸ் ஃபிரிண்ட் அந்த ஓட்டத்துக்கே போகவில்லை. ஏஎஸ்பி.நெட் என்ற இணையத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்வதற்காக 2003இல் பிளென்ட்டி ஆஃப் ஃபிஷ் என்ற துணை தேடும் தளத்தைத் தொடங்கி, அது கனடாவிலும் அமெரிக்காவிலும் முன்னணிக்கு வந்த பிறகும் சில ஆண்டுகள் பெரும்பாலும் தனியாகவே நடத்திவிட்டு, மெதுவாக ஆள் சேர்த்தார். முதலீடு எதையும் வாங்கவில்லை. 2015இல் 57.5 கோடி டாலருக்கு விற்றபோது ஊழியர்கள் எண்பது பேர்கூட இல்லை.

லாவிங்கியா மறுபடியும் ஆட்களைச் சேர்த்தார். 2021 ஜனவரியில் அவர் விவரித்த கம்ரோட்டில் சுமார் 25 பேர். முன்பு உச்சத்தில் இருந்ததைவிட அதிகம். ஆனால் அவரைத் தவிர ஒருவரும் முழுநேர ஊழியராக இருக்கவில்லை. எல்லோரும் கான்ட்ராக்டில், மணிக்கணக்குக் கூலியில், வேறு வேலைகளுக்கு நடுவே செய்தவர்கள். கூட்டம் இருக்கவில்லை, கெடுவும் இருக்கவில்லை. என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில். அதே ஆண்டு மார்ச்சில் சாதாரண மக்களிடமிருந்து, அவர்களில் பலர் அந்தத் தளத்தையே பயன்படுத்தும் படைப்பாளிகள், ஒரே நாளில் 50 லட்சம் டாலர் திரட்டினார்.

எழுத்தில் எல்லாம் இருந்ததால் நிறுவனரின் தலைக்குள் எதுவும் தேங்கவில்லை. அந்த வகையில் இந்த இரண்டாவது குழு முதல் குழுவைவிடப் பல மடங்கு மேல். என்றாலும் அங்கே வேலை தெரிந்தவர்களால்தான் பிழைக்க முடிந்தது. கல்லூரி முடித்துவிட்டு நேராக வரும் ஒரு பெண்ணோ பையனோ மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஒரு சிக்கலை எப்படி அவிழ்க்கிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள அங்கே பக்கத்து நாற்காலியே இருக்கவில்லை. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஒருவர் தன் தனி ஆள் கம்பெனிக்கு முதல் நான்கு பேரைத் தேடும்போது, வருகிறவர்களில் பாதிப் பேராவது இப்படிப் புதிதாகக் கற்க வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்காக வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று ஆள் எடுப்பதற்கு முன்பே அவர் கணக்குப் போட்டாக வேண்டும், சம்பளக் கணக்கு போடும்போதே.